கழி நட்ட இடம்

டன்னர் மலை, வெர்மாண்ட்
1 டிசம்பர் 1996

அன்புள்ள நோயெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உனக்கு அந்த டெக்சஸ் வெயில் ஒத்துக்கொள்கிறதா? முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம்" என்கிறாய், "சரி" என்கிறாய், வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வெறும் "ம்" எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்குமல்லவா?

விஷயத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. உன் ஸ்னோபோர்டுப் பலகையைச் சறுக்க எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் கிளம்பும்போது அதைக் கொட்டகையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாய். எட்டு மாதமாக, விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் மூன்று வயதிலிருந்து ஸ்கீ போட்டவள். இருபது வருஷமாக மலை நடுவில் கான்டீன் நடத்துகிறேன். ஆனால் உன் பலகைமேல் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பதினோரு வயதிலிருந்து எதற்காக அந்தக் குதிக்கிற பனிமேட்டில் போய்ப் போய்த் தூக்கி எறியப்பட்டாய் என்று எனக்குத் தெரியாது. எதற்காக ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுக் கடலோரம் ஓடினாய் என்றும் தெரியாது. முழங்கால் என்றாய். முழங்கால் வலிக்காரி இரண்டாயிரம் மைல் பஸ்ஸில் குந்தியிருந்து போவாளா?

அதனால் கற்றுக்கொள்கிறேன். சும்மா சறுக்குவது முதல் வாரத்திலேயே வந்துவிட்டது, பின்பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம். எனக்கு வேண்டியது உன்னைப்போல் மேட்டிலிருந்து எழும்பிக் காற்றிலேயே ஒரு முழுச்சுற்றுச் சுற்றி இறங்குவது. அப்பா சொன்னார்: "எலும்பு ஒடஞ்சா சூப்ப நீயே வெச்சுக்கோ. எனக்கு முட்டை மட்டுந்தான் வேக வைக்கத் தெரியும்."

சாப்பாட்டைக் குறைக்காதே. பதில் போடு.

அம்மா

*

கார்ப்பஸ் கிறிஸ்டி, டெக்சஸ்
12 டிசம்பர் 1996

அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே டிசம்பரிலும் வியர்க்கிறது. இறால் உரிக்கும் வேலையே தொடர்கிறது. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யாரோ விளையாட்டுக்கு உன் கையெழுத்தில் எழுதிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அம்மா, உனக்கு நாற்பத்தாறு வயது! மேட்டின் நுனியைத் தாண்டியதும் வானம் எது, தரை எது என்று தெரியாது. அதை மறுபடி கண்டுபிடிக்க ஒரு நொடிதான் இருக்கும். நான் பார்த்திருக்கிறேன். பலகையை யாருக்காவது கொடுத்துவிடு. எரித்தாலும் எனக்குச் சம்மதம்.

நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். அதனால் சொல்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் கால் வைக்காதே. முதலில் சமதரையில் நின்ற இடத்தில் குதித்து அரைச்சுற்றுப் பழகு. அரைச்சுற்றில் இறங்கினால் பின்பக்கமாகச் சறுக்க வேண்டிவரும், அதையும் பழகு. மேட்டில் ஏறும்போது தோளை எதிர்ப்பக்கம் முறுக்கி வைத்திரு. நுனியில் கால் இருக்கும்போதுதான் அவிழ்க்க வேண்டும். அதற்கு முன்னால் அவிழ்த்தால் சாய்ந்துபோய் விழுவாய்.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன்? வேண்டாம் அம்மா. பலகையை வைத்துவிடு.

நோயெல்

*

டன்னர் மலை
28 டிசம்பர் 1996

அன்புள்ள நோயெலுக்கு,

இருபத்துமூன்று முடிந்த என் மகளுக்கு அம்மாவின் ஆசிகள். கிறிஸ்துமஸில் பிறந்த பெண் இல்லாமல் இந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். வழக்கம்போல் இறைச்சி அடைத்த ரொட்டி சுட்டேன். அப்பா உன் பங்கை வெட்டித் தட்டில் வைத்தார். மறுநாள் அவரே தின்றும்விட்டார். உடம்பெல்லாம் சுகம்தானே?

அரைச்சுற்று வந்துவிட்டது! சின்ன மேட்டில்தான். இறங்கியபின் பின்பக்கமாகச் சறுக்கிப்போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசையில் புகுந்தேன். ஒருத்தரும் சாகவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்து "சூப்பம்மா பறக்குறாங்கடா!" என்று கத்துகிறார்கள்.

நீ சொன்னபடி தோளை முறுக்குகிறேன். ஆனால் இங்கே எனக்குக் கற்றுத்தரும் ஆள் அதைவிட எளிதாக ஒன்று சொன்னார். "எழும்பினதும், பின்பாக்கெட்ல சீப்பு இருக்கான்னு திரும்பிப் பாருங்க. அவ்ளோதான். மிச்சம் தானா சுத்திக்கும்." அப்படியே செய்தேன், சுற்றியது. எனக்கே திக்கென்றிருந்தது.

கான்டீன் எப்போதும்போல. காலையில் மலையைப் பராமரிக்கிற மெர்ல் பனி ஸ்கூட்டரில் சூப் அண்டாவைக் கட்டி இழுத்துவருகிறார், நான் முன்னால் நடந்து வழிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய்க்கு அடையாளமாக வைத்த கழியைப் பிடுங்கி நகர்த்திவிட்டேன் என்று நேற்று என்னைத் திட்டினார். மலை முழுக்க மூங்கில் கழி. எது எதற்கென்று யார் கண்டார்கள்?

ஒன்று கேட்கிறேன். முன்பெல்லாம் எங்கே போனாலும் பக்கத்து வீட்டு நாய்வரை விசாரிப்பாய். இப்போது ஊரில் ஒருவரைப் பற்றியும் கேட்கவில்லையே?

அம்மா

*

கார்ப்பஸ் கிறிஸ்டி
6 ஜனவரி 1997

அம்மா,

நலம். உனக்குக் கற்றுத்தருவது யார்?

அதை மட்டும் எழுது.

நோயெல்

*

டன்னர் மலை
18 ஜனவரி 1997

அன்புள்ள நோயெலுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் மட்டும் மூக்கைக் கழற்றிக் கையில் கொடுக்கிறது.

உனக்குத் தெரிந்துவிட்டது. சீப்பு என்று எழுதியபோதே நான் யோசித்திருக்க வேண்டும், அது யார் பேச்சு என்று உனக்குத் தெரியுமே. அவள்தான். டெஸ்.

நீ கோபித்துக்கொள்வாய் என்றுதான் சொல்லவில்லை. எட்டு வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்ட பெண்கள் நீங்கள். அவள் முதுகு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ ஊரைவிட்டுப் போனாய். உங்களுக்குள் என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அவளுக்கு முதுகில் இரும்பு வைத்திருக்கிறார்கள். இரண்டு கைத்தடியோடு நடக்கிறாள். காலையில் கீழே டிக்கெட் பார்க்கிற வேலை. மதியம் மெர்ல் அவளை ஸ்கூட்டரில் ஏற்றி நடுமலைக்குக் கொண்டுவருவார். நவம்பரில் ஒருநாள் கான்டீன் ஜன்னல்வழியாக நான் விழுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "சூப்பம்மா, உருளைக்கிழங்கு மூட்டைய உருட்டிவிட்ட மாதிரி இருக்கு!" அத்தோடு விடாமல், வெளியே வந்து என் சூப் வாளியைக் கவிழ்த்துப் போட்டு மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அந்த வாளிதான் அவளுக்கு நாற்காலி. "முழங்கால மடக்குங்க! கீழ பாக்காதீங்க, கீழ ஒண்ணும் கெடைக்காது!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். இப்போது முக்கால் சுற்று வருகிறது. மிச்சக் கால் சுற்றுக்கு முகத்தால் இறங்குகிறேன்.

உன்னைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டாள். "அவ சாப்பிடறாளா?" இறால் கம்பெனியில் வேலை என்றேன். "அவளுக்கு மீன் வாசனையே ஆகாதே" என்றாள்.

அது எனக்குத் தோன்றவே இல்லை, நோயெல். பெற்றவள் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா

*

கார்ப்பஸ் கிறிஸ்டி
5 பிப்ரவரி 1997

அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பொய் எதற்கு? உன் கடிதம் வந்து பத்து நாளாகத் தூக்கமில்லை.

டெஸ்ஸோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவள் முதுகை உடைத்தது நான்.

உனக்கு இந்த வழக்கம் தெரியாது. பெரிய மேட்டில் காலையில் யாராவது ஒருத்தர் முதலில் குதித்து வேகம் பார்க்க வேண்டும். பனி தினம் ஒரு மாதிரி இருக்கும். மேட்டுக்கு மேலே மிகக் கீழிருந்து கிளம்பினால் வேகம் போதாமல் மறுபக்க இறங்குசரிவை எட்டமாட்டோம், மிக மேலிருந்து வந்தால் சரிவைத் தாண்டிச் சமதரையில் விழுவோம். முதலில் குதிப்பவர் இரண்டு மூன்று தடவை பார்த்துச் சரியான இடத்தில் ஒரு மூங்கில் கழி நட்டுவைப்பார். அன்று முழுக்க எல்லோரும் அந்தக் கழியிலிருந்துதான் கிளம்புவார்கள். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நட்டவரை நம்பி உயிரைக் கொடுப்பதுதான் அது.

போன மார்ச் பதினாறு, சனிக்கிழமை, வேகம் பார்த்தது நான். சாய்ந்த பிர்ச் மரத்துக்குப் பக்கத்தில் கழியை நட்டேன். சறுக்கிக் கீழே போனேன். மலைமேல் ஏற்றும் லிஃப்ட் அடியில் டெஸ் நின்றிருந்தாள். "கழிலேருந்து நேரா விடு, நடுவுல பிரேக் போடாத" என்றேன். இறங்குகிற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தலைக்குமேல் போனாள், அம்மா. சுற்றி முடித்தும் இறங்கவில்லை, போய்க்கொண்டே இருந்தாள். சமதரையில் விழுந்த சத்தத்தை உனக்குச் சொல்ல முடியாது.

நான் கணக்கிட்டது தப்பு. எங்கே தப்பு செய்தேன் என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். மூன்று தடவை குதித்துப் பார்த்தேன், மூன்றும் சரியாக இருந்தது. ஆனாலும் அவள் விழுந்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன், இரண்டு நாள். உள்ளே போகக் கால் வரவில்லை. முழங்கால் வலி என்று உன்னிடம் சொன்னேன். அதுதான் என் முழங்கால்.

அவளிடம் இதைச் சொல்லாதே. நீயாவது ஏதாவது எழுது.

நோயெல்

*

கார்ப்பஸ் கிறிஸ்டி
1 மார்ச் 1997

அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மூன்றரை வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தேன். அப்பா எடுத்து, "அம்மா குளிக்கிறா" என்றார். மறுநாளும் குளித்தாய். அதற்கு மறுநாளும்.

மேட்டில் விழுந்துவிட்டாயா? மறைக்கிறீர்களா?

இல்லை, நான் எழுதியதைப் படித்தபின் என் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லையா? அப்படியென்றால் அதையும் எழுதிவிடு.

நோயெல்

*

டன்னர் மலை
8 மார்ச் 1997

மகளுக்கு அப்பா எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நீ சுகமா? மேப்பிள் மரத்தில் சாறு ஓட ஆரம்பித்துவிட்டது, பாகு காய்ச்சும் அடுப்படியைவிட்டு நகர முடியவில்லை. உன் அம்மாவுக்கு எலும்பு எதுவும் உடையவில்லை. குளிக்கவும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன். அவள் பேசுவதில்லை. பலகையைத் தொடுவதில்லை. பெரிய மேட்டுக்குமேல் இருக்கும் பிர்ச் மரங்களுக்கு நடுவே போய் நிற்கிறாள், அடி வைத்து அளக்கிறாள், திரும்பி வருகிறாள். என்ன என்று கேட்டால், "சூப் அண்டாவுக்கு வழி பாக்கறேன்" என்கிறாள். நீ ஏதாவது எழுதினாயா? உன்மேல் கோபமில்லை, அது மட்டும் நிச்சயம். உன் கடிதத்தை மேலங்கிப் பையிலேயே வைத்திருக்கிறாள்.

அப்பா

*

டன்னர் மலை
16 மார்ச் 1997

நோயெல்,

உன் நலம் விசாரிக்க எனக்கு இன்று வாய் வரவில்லை. கேட்கும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கான்டீனில் நின்றபடியே படித்தேன். கரண்டி கையில் இருந்தது. சூப் அடிப்பிடித்து நாறியபிறகுதான் எனக்கு உணர்வே வந்தது.

போன வருஷம் அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் செயின்ட் பேட்ரிக் திருவிழா. முட்டைக்கோஸ் சூப், வழக்கத்தைவிட இரட்டிப்பு. அண்டா பெரிதாகிவிட்டதால் எப்போதும் போகிற குறுகிய வழியில் ஸ்கூட்டர் நுழையாது என்று மெர்ல் மேல்வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் முன்னால் நடந்தேன். நட்டநடுவில் ஒரு மூங்கில் கழி நின்றது. சாய்ந்த பிர்ச் பக்கத்தில். ஆரஞ்சுத் துணி கட்டியிருந்தது. சூப் தளும்புகிறது, மெர்ல் ஹாரன் அடிக்கிறார். நான் கழியைப் பிடுங்கினேன். அண்டா போகட்டும் என்று மேலே ஏறி நின்றேன். போனதும், கையில் கழி இருக்கிறதே என்று நின்ற இடத்திலேயே நட்டேன். நன்றாக மிதித்து நட்டேன், விழுந்துவிடக்கூடாதே என்று. இரட்டைப் பிர்ச் பக்கத்தில்.

எட்டு வைத்து நடந்தால் பதினாறு எட்டு, மேலே. எத்தனையோ தடவை அளந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பதினாறுதான் வருகிறது.

மெர்லைக் கேட்டேன். "நான் அன்னிக்குக் கழிய எங்க நட்டேன், ஞாபகம் இருக்கா?" "நீ தினமும் ஏதாவது ஒண்ணப் பிடுங்குற, லொரெய்ன். எதன்னு ஞாபகம் வெச்சுக்கறது?" என்றார். ஆனால் டெஸ் ஜனவரியில் என்னிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள், "அன்னிக்கு இரட்டை பிர்ச்சுலேருந்து விட்டேன்" என்று. அப்போது எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. நீ சாய்ந்த பிர்ச் என்று எழுதியபிறகுதான் இரண்டும் என் தலைக்குள் சேர்ந்து இடித்தன. உனக்கு ஒரு மரம் தெரியும். அவளுக்கு ஒரு மரம் தெரியும். நீங்கள் இருவரும் பேசியிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். பேசவிடாமல் செய்ததும் நான் நட்ட கழிதான்.

உன் கணக்கு சரி, நோயெல். மூன்று தடவையும் சரி. என் மகள் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை.

அவளை உடைத்தேன், உன்னை ஊரைவிட்டுத் துரத்தினேன், பிறகு இளித்துக்கொண்டு அவளிடமே பாடம் கேட்டேன். ஐந்து வாரமாக வாயைத் திறக்க முடியவில்லை. நாளை டெஸ்ஸிடம் சொல்லிவிடுவேன். முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

நீ இதற்குப் பதில் போடாவிட்டால் எனக்குப் புரியும்.

லொரெய்ன்
(அம்மா என்று எழுதக் கை வரவில்லை)

*

டன்னர் மலை
25 மார்ச் 1997

நோயெல்,

டெஸ் எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய்? எனக்கு முதுகில் இரும்பு இருப்பதால் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஊரில் மரியாதை கூடியிருக்கிறது.

உன் அம்மா சொன்னார். சூப் வாளிமேல் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். கேட்டு முடித்ததும் ஒரு கைத்தடியை எடுத்து அவர்மேல் வீசினேன். குறி தப்பிக் கான்டீன் கதவில் பட்டது. அவர் அதை எடுத்துவந்து மறுபடி என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே நின்றார். இன்னொரு தடவை வீசு என்பதுபோல. எனக்கு வந்த கோபத்தில் மெர்லைக் கூப்பிட்டுக் கீழே போய்விட்டேன்.

நான்கு நாள் மேலே போகவில்லை. ஐந்தாம் நாள் போனால், உன் அம்மா மேட்டுப் பக்கத்தில் என் வாளிமேல் உட்கார்ந்திருக்கிறார். மதியம் முழுக்க, தினமும் அப்படித்தானாம். கான்டீனில் சூப்பை அவரவரே ஊற்றிக்கொள்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வாளியைத் துடைத்தார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஒரு வருஷமாக உன்மேல் எனக்கு எரிகிறது. கழிக்காக இல்லை, மடச்சி! மேட்டுக்கு வரும்போதே வேகம் அதிகம் என்று என் காலுக்குத் தெரிந்தது. நீ பிரேக் போடாதே என்றாய், போடவில்லை. விழுந்தபின்னும் கழியைப் பற்றி நினைக்கவே இல்லை, பனி அப்படி என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. என் சொந்த அண்ணனை நிற்கவைத்தேன். "நோயெல் வருவா" என்றேன். நர்ஸ் அதைச் சுவர் ஓரமாக நகர்த்தியபோது போட்ட சத்தத்தை முதுகு உடைந்தபோதுகூட நான் போடவில்லை. நீ வாசல்வரை வந்தாய் என்று உன் அம்மா இப்போது சொல்கிறார். வாசல்வரை! அங்கிருந்து என் அறைக்கு நாற்பது அடிகூட இருக்காது.

உன் அம்மாவை மன்னித்தேனா என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒரு வேலையை முக்காலில் விடுவது எனக்குப் பிடிக்காது. "முழுச்சுத்து போட்டு முடிங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். மாட்டேன் என்கிறார். "வேகம் பாக்க வேண்டியவ வந்து பாக்காம நான் எதுலேருந்தும் குதிக்க மாட்டேன்" என்கிறார்.

ஏப்ரல் பதின்மூன்றோடு இந்த வருஷத்துக்கு மலையை மூடுகிறார்கள். வேறு எழுத ஒன்றுமில்லை.

டெஸ்

*

கார்ப்பஸ் கிறிஸ்டி
1 ஏப்ரல் 1997

அம்மாவுக்கு,

அப்பாவும் நீயும் சுகமாக இருங்கள்.

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. முதல் நாள் சந்தோஷத்தில் அழுதேன், நான் இல்லை, நான் இல்லை என்று. இரண்டாம் நாள் உன்மேல் வந்த கோபத்தில் உரித்த இறால் தட்டைச் சுவரில் அடித்தேன். என் ஒரு வருஷம், அம்மா. யாரிடம் கேட்பேன் அதை? பிறகு, நீ பதினாறு எட்டை அளந்துகொண்டு நிற்பது கண்முன் வந்தது. ஐந்து வாரம் நீ இருந்தபடிதான் நான் ஒரு வருஷம் இருந்தேன். அது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். இன்னும் கோபம் போகவில்லை. மிச்சத்தை வந்து நேரில் கோபித்துக்கொள்கிறேன்.

டெஸ்ஸின் கடிதமும் வந்தது. வேலையை விட்டுவிட்டேன். பத்தாம் தேதி மதியம் ஒயிட் ரிவர் ஜங்ஷனில் பஸ் இறங்குவேன். முதலில் டெஸ் வீட்டுக்குப் போக வேண்டும், தனியாக. என்னை அவள் வாசலில் இறக்கிவிட்டு அப்பா போய்விடட்டும். உள்ளே நானே நடந்து போகிறேன்.

மறுநாள் காலையில் மலைக்கு வருவேன். பலகைக்கு மெழுகு தேய்த்து வை. நான்தான் முதலில் குதித்து வேகம் பார்ப்பேன். டெஸ் வாளிமேல் இருப்பாள். கழியை நான் நடுவேன்.

நட்டபிறகு, சூப் அண்டா என்ன, மலையே வழியில் வந்தாலும் நீ அதைத் தொடக்கூடாது. அதிலிருந்து நேராக விடு. பிரேக் போடாதே.

உன்
நோயெல்